கட்டி ஒன்றுதான், துவான்!

பத்து பெரண்டாம் பக்கத்துத் தோட்டம்,
மலாக்கா.
12.6.1952

உம்பாய் ஊர் ராமையா அவர்களுக்கு,

சம்பந்தி என்று அழைக்க இன்னும் அனுமதி உண்டென்று நம்பி, அப்புசாமி கைகூப்பி எழுதுவது. இங்கு யாவரும் நலம், நான் உட்காரும் இடம் ஒன்றைத் தவிர.

பரிசத்தன்று நான் கோயிலுக்கு வராததற்குக் காரணம் நீங்கள் கேள்விப்பட்டதல்ல. காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுக்காரர்களுக்கு நான் அரிசி கடத்தவில்லை. எனக்கு வந்தது கட்டி. பின்புறத்தில், கொசு கடித்ததைச் சொறிந்த இடத்தில், எலுமிச்சம்பழம் அளவுக்கு. என் சம்சாரம் இருசம்மாள் சோற்றை மஞ்சளோடு பிசைந்து சுடச்சுடப் பத்துப் போட்டு, வேட்டிக்குள் துணியால் இறுக்கிக் கட்டினாள். அவளும் மகளும் முன்னாடி பஸ்ஸில் போய்விட்டார்கள். நான் உட்கார முடியாதவன், நின்றுகொண்டே போகலாமென்று லாரிக்குக் காத்திருந்து, தோட்டத்து முள்வேலி கேட்டுக்கு வந்தேன். அங்கேதான் வந்துச்சு வினை.

இந்த அவசரகாலத்தில் ஒரு பிடி சோறுகூட வேலியைத் தாண்டக் கூடாது என்பது தங்களுக்கும் தெரியும். காவலுக்கு நின்ற மாத்தா போலீஸ் என் வேட்டியைத் தடவினான், முகர்ந்தான், சோறுங்கறதை மலாயில "நாசி!"ன்னு கத்தினான். அப்புறம் "பெராப்பா கட்டி?"ன்னு கேட்டான். எத்தனை கட்டி அரிசின்னு எடைக் கணக்குக் கட்டியைக் கேக்கறான். நான் என் கட்டியைத்தான் கேக்கறான்னு நெனச்சு, மரியாதையா, "சத்து கட்டி சஜா, துவான்"னேன். ஒன்றுதான் ஐயா என்று நானே வாக்குமூலம் கொடுத்துட்டேன்! உடனே ஸ்டேஷன். வெள்ளைக்கார அதிகாரி உட்காரச் சொன்னார், மாட்டேன்னேன். அது வேற திமிருன்னு எழுதிக்கிட்டாங்க.

கடைசியில் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸர் தங்கையாவை வரவழைத்தார்கள். அவர் அவிழ்த்துப் பார்த்து, "துவான், இது அரிசி இல்லை, பழுத்த கட்டி" என்று சொல்ல, அதிகாரி மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார். நான் வலி தாங்காம, "பிதுக்கி எடுங்க சார்"னேன். "பேசாம இருங்கலா!"ன்னு டிரெஸர் அதட்டினார். "தோலுக்குள்ளயே காவலுக்கு அணுக்கள் இருக்கு. கிருமி நுழைஞ்சதும் அது தகவல் கொடுக்கும். ரத்தக்குழாய் இடுக்கு வழியா வெள்ளை அணுக்கள் நெளிஞ்சு வெளிய வந்து கிருமியை விழுங்கும். அந்தச் சண்டையில அதுவும் செத்துடும். வீக்கம், சூடு எல்லாம் அதனாலதான். சீழ்ல இருக்கறது பெரும்பாலும் அதுங்க பிணம். பிதுக்கினீங்கன்னா கிருமி ரத்தத்துல ஏறி உயிருக்கே ஆபத்து."

எனக்குக் கண் கலங்கிடுச்சு சம்பந்தி. எனக்காக என் பின்னால இத்தனை உயிர் போயிருக்கு, நான் ராவும் பகலும் அந்தச் சீழைத் திட்டிக்கிட்டு இருந்திருக்கேன்!

அவர் பக்குவமாகக் கீறி, பெனிசிலின் ஊசி போட்டு அனுப்புவதற்குள் ஊரடங்கு வந்துவிட்டது. அதற்குள் நீங்கள் வதந்தியைக் கேட்டு, வெற்றிலைத் தட்டோடு திரும்பிவிட்டதாக இருசம்மாள் அழுதாள். குற்றம் யார் மீதும் இல்லை. வெள்ளிக்கிழமை மறுபடி வாருங்கள், கும்பிட்டுக் கேட்கிறேன். தங்கள் மகன் பாலகிருஷ்ணனைப் போல மாப்பிள்ளை எங்களுக்குக் கிடைக்காது.

வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கமும் பிள்ளைகளுக்கு ஆசியும். மாரியம்மன் எல்லாரையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
நின்றபடியே எழுதும்
அப்புசாமி

பி.கு.: உறையை ஒட்டுமுன் மகள் பாக்கியலட்சுமி வாங்கிப் படித்துவிட்டாள். "பொண்ணோட அப்பாவைப் போலீஸ் புடிச்சுச்சுன்னா, என்னா ஏதுன்னு ஸ்டேஷன்ல போய்க் கேக்காம தட்டைத் தூக்கிக்கிட்டு ஓடுன வீட்டுக்கு நான் போகமாட்டேன்லா" என்கிறாள். இருசம்மாளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டுகிறாள். யோசித்தால் எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. ஆகவே வெள்ளிக்கிழமை வர வேண்டாம். கட்டியைப் பற்றி எழுதியதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மறந்துவிடவும்.