ஒரே கூப்பனில் நாலு மணி நேரம்

ஒரு வீடியோ கேம் நல்லதா மட்டமானதா என்று தெரிந்துகொள்ள ஒரே வழிதான் உண்டு. அதை ஜென்மத்தில் தொட்டே பார்க்காத ஒருவர் கையில் கொடுக்க வேண்டும். கெட்டிக்காரர்கள் எதைக் கொடுத்தாலும் விளையாடிவிடுவார்கள்; அவர்களை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இந்த உண்மையை என் இருபத்து நாலாவது வயதில், கோயில் திருவிழாச் சந்தையில், ஊரே கூடி நின்று பார்க்க, என் வருங்கால மாமியார் எனக்குக் கற்றுக்கொடுத்தார். (அவர் வருங்கால மாமியார்தானா என்பதே அன்றைக்குச் சந்தேகமாக இருந்தது. அதுதான் விவகாரமே.)

எண்பதுகளின் தொடக்கம். நான் ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையில் ஸ்டோர் கிளார்க். சிராங்கூன் ரோட்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் எங்கள் மாதா கோயில். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசைக்கு நான் ஒரு வாரம்கூடத் தவறியதில்லை. மகனுக்குப் பக்தி முற்றிவிட்டதென்று அம்மா பூரித்துப்போனார். பாடகர் குழுவில் இரண்டாவது வரிசையில் ஃபிலோமினா நிற்கிறாள் என்பது அம்மாவுக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. தெரிந்ததும் அப்பாவைப் பேசிவிட்டு வரச் சொல்லி அனுப்பினார்.

ஃபிலோவின் அப்பா சவரிமுத்து அங்கிள். துறைமுகத்தில் சூப்பர்வைசர், கோயிலில் திருவிழாக் கமிட்டித் தலைவர். இரண்டு இடத்திலும் ஒரே குரல். அவர் என் அப்பாவிடம் சொன்ன பதில் இது: “பையன் நல்ல பையன்தான். ஆனா பொறுப்பு இருக்கான்னு தெரியலையே. திருவிழாவுல ஒரு ஸ்டால் குடுக்கிறேன். எப்படி நடத்துறான்னு பாப்போம். அப்புறம் மத்தத பேசலாம்.”

ஆக, ஸ்டால் ஓடினால் ஃபிலோ. ஓடாவிட்டால் ஃபிலோவுக்கு வேறு மாப்பிள்ளை. மூளையுள்ளவன் என்ன செய்திருப்பான்? ஐஸ் பெட்டி நிறையக் கலர் பாட்டில்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். நான் வீடியோ கேம் ஸ்டால் போடுகிறேன் என்றேன்.

வீடியோ கேம் பெட்டி ஒன்றை ஆறு மாதத்துக்கு முன் சுங்கை ரோட்டுப் பழைய சாமான் சந்தையில் ஒரு மாலுமியிடமிருந்து வாங்கியிருந்தேன். கூடவே ஒரே ஒரு கேம். விளக்கப் புத்தகம் முழுக்க ஜப்பான் எழுத்து. (படம்கூட இல்லை. இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.) சிவப்புக் கால்சட்டை போட்ட ஒரு குட்டி ஆள் புதையல் தேடிக் காட்டுக்குள் போவான். வழியில் பள்ளம், ஆறு, தேங்காய் எறியும் குரங்கு, வௌவால் குகை. ஒரு குச்சி, ஒரு பட்டன். குச்சியைத் தள்ளினால் நடப்பான். பட்டனை அமுக்கினால் குதிப்பான். அவ்வளவுதான்.

நான் விளையாடினால் இரண்டு நிமிடத்தில் ஆள் ஆற்றில் விழுந்துவிடுவான். பாட்டு இறங்கும், அவன் தலை மறையும். ‘சீ’ என்று ரீசெட்டைத் தட்டி, முதலிலிருந்து ஆரம்பிப்பேன். மறுபடி ஆறு. மறுபடி ரீசெட். ஆறு மாதத்தில் என் சாதனை இரண்டரை நிமிடம். என்னாலேயே முடியாததை வேறு யாரால் முடியும் என்பது என் அசைக்க முடியாத நம்பிக்கை.

கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து நின்று விளக்கினேன். “ஒரு கூப்பனுக்கு ஒரு ஆட்டம். சாகுற வரைக்கும் விளையாடலாம். கவலையே வேணாம், ரெண்டு நிமிஷத்துல எல்லாரும் செத்துடுவாங்க.”

ஃபாதர் இருமினார். “தம்பி, நோட்டீஸ்ல அப்படிப் போட்டுடாதீங்க.”

சவரிமுத்து அங்கிள் யோசித்துவிட்டு, கோயில் ஹாலுக்குள் வாசலுக்கு நேர் எதிரே இருந்த முதல் தரமான இடத்தை எனக்கு ஒதுக்கினார். காலங்காலமாக அது வடைக் கடை இடம். வடைக் கடை மரத்தடிக்குத் தள்ளப்பட்டது. வடைக் கடைக்குப் பொறுப்பு யார் தெரியுமா? ரெஜினா ஆன்ட்டி. சவரிமுத்து அங்கிளின் மனைவி, ஃபிலோவின் அம்மா. (என் திட்டமிடும் திறமையைக் கவனியுங்கள்.)

திருவிழா அன்று பூசை முடிந்ததும் என் ஸ்டாலுக்கு முன்னால் வரிசை நின்றது. ஹாலில் இருந்த கலர் டிவியில் பெட்டியை மாட்டியிருந்தேன். ஃபிலோ பக்கத்து மேசையில் கூப்பன் விற்றுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். உலகமே என் கையில் இருந்தது. அப்போது வரிசையை விலக்கிக்கொண்டு, கையில் கடலைமாவோடு ரெஜினா ஆன்ட்டி வந்தார்.

“எங்க எடத்தைப் புடிச்ச சாமான் எதுன்னு பாக்க வந்தேன்.”

“வாங்க ஆன்ட்டி! முதல் ஆட்டமே நீங்கதான் ஆடணும்,” என்றேன். இரண்டு நிமிட மரியாதை, ஆயுளுக்கும் பலன் என்று கணக்கு.

கூப்பனைக் கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். குச்சியைக் கரண்டி பிடிப்பதுபோல் பிடித்தார். “இந்தப் பையன் பேரு என்ன?”

“எந்தப் பையன்?”

“டிவிக்குள்ள நிக்கிறானே, அவன்தான்.”

“அவனுக்குப் பேரெல்லாம் இல்ல ஆன்ட்டி. புதையல் தேடிப் போறான்.”

“தேடிப் போறானா? அப்ப அந்தோணின்னு வெச்சுக்குவோம்.” (தொலைந்ததைத் தேடித் தருபவர் அந்தோணியார். எங்கள் வீடுகளில் சாவி காணாமல் போனால்கூட அவருக்குத்தான் மெழுகுவத்தி.)

அந்தோணி நடந்தான். குதித்தான். ஒன்றரை நிமிடத்தில் ஆற்றில் விழுந்தான். பாட்டு இறங்கியது. நான் பெருந்தன்மையாகச் சிரித்து, “பரவால்ல ஆன்ட்டி, நல்லாத்தான் ஆடுனீங்க,” என்று ரீசெட்டுக்குக் கையை நீட்டினேன். பளீரென்று என் கைமேல் ஓர் அடி விழுந்தது.

“புள்ள தண்ணியில கெடக்கான், அதுக்குள்ள என்னா அவசரம்? இரு லா!”

இருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு பத்து விநாடி போயிருக்கும். திரையின் இடது மூலையிலிருந்து பச்சை நிறத்தில் ஓர் ஆமை நிதானமாக நீந்தி வந்தது. அந்தோணியை முதுகில் ஏற்றிக்கொண்டது. அக்கரையில் இறக்கிவிட்டது. பாட்டு மறுபடி ஏறியது. கூட்டம் கைதட்டியது. நான் அந்த ஆமையை அதற்குமுன் பார்த்ததே இல்லை! ஆறு மாதமாக அது வருவதற்குள் நானே அவனைக் கொன்று கொன்று போட்டிருக்கிறேன்.

அதற்குப்பிறகுதான் அந்தக் கேமின் பெருமை ஒவ்வொன்றாக எனக்குப் புரிந்தது. முதுகில் வேர்வை ஓட ஓடப் புரிந்தது. அது யாரையும் கொல்லாத கேம். பள்ளத்தில் விழுந்தால் மேலேயிருந்து ஒரு கொடி இறங்கும். தேங்காய் தலையில் பட்டால் கொஞ்சநேரம் தரையில் உட்கார்ந்திருந்து எழுவான். வழியில் பொறுக்கி மடியில் வைத்திருக்கும் பழத்தில் ஒன்று குறையும், அதுதான் தண்டனை. நேரக்கெடு கிடையாது. வந்த வழியே திரும்பிப் போனாலும் ஏன் என்று கேட்காது. தெரியாதவர்களும் தோற்காமல் போய்க்கொண்டே இருக்கலாம். ஒவ்வொரு திரையிலும் புதிதாக ஒன்று இருக்கும், அதைப் பார்க்கும் ஆசையில் அடுத்ததுக்கும் போவார்கள். ஜப்பானில் எந்த மகராசனோ தன் அம்மாவை மனதில் வைத்துச் செய்திருக்கிறான். அருமையான கேம். வீட்டில் வைத்து விளையாட அதைவிட நல்ல கேம் கிடையாது. ஸ்டால் போட அதைவிட மோசமான கேமும் கிடையாது.

ஒரு மணி நேரம் போனது. இரண்டு மணி நேரம் போனது. வரிசையில் நின்றவர்களாவது சண்டை போட்டார்களா? இல்லை. வரிசையைக் கலைத்துவிட்டு ஆன்ட்டியைச் சுற்றி நின்று யோசனை சொன்னார்கள். “ஆன்ட்டி, கொடியைப் புடிங்க!” “குரங்கு, குரங்கு, குனியச் சொல்லுங்க!” வளையம் எறியும் கடைக்காரர் கடையை விட்டுவிட்டு வந்தார். பலூன் சுடுகிற கடைக்காரர் துப்பாக்கியோடு வந்தார். குலுக்கலில் முதல் பரிசான ரைஸ் குக்கருக்கு எண்ணைக் கூவியபோது, அதற்குரியவர் என் ஸ்டாலில் இருந்தபடியே, “எடுத்து வைங்க, வர்றேன்!” என்றார். கடைசியாக, வடைக் கடையில் மிச்சமிருந்த இரண்டு ஆன்ட்டிகளும், “ரெண்டு நிமிஷம் பாத்துட்டு ஓடியாந்துடறோம்,” என்று அடுப்பை அணைக்காமல் வந்தார்கள்.

“ஆன்ட்டி, கோப்பி குடிக்கிறீங்களா?” என்று நைசாகக் கேட்டேன்.

“இங்கயே கொண்டா.”

ஃபிலோ கோப்பியை அவர் வாயருகே பிடிக்க, அவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமலே குடித்து முடித்தார். ஃபிலோ என் காதில் சீறினாள்: “அம்மாவ எழுப்புங்க லா!”

“நான் எப்படி எழுப்புறது? உன் அம்மாதானே, நீ எழுப்பு.”

“எனக்கென்ன அடி வாங்கணும்னு வேண்டுதலா?”

வேறு யாராக இருந்தாலும், ‘நேரமாச்சு, எழுந்திரிங்க’ என்று சொல்லியிருப்பேன். பெண் கேட்டிருக்கும் வீட்டு அம்மாளை நாற்காலியிலிருந்து எழுப்புகிற தைரியம் எந்தத் தமிழனுக்கு வரும்?

நாலாவது மணி நேரத்தில் மரத்தடியிலிருந்து கரும்புகை கிளம்பியது. அதன் பின்னாலேயே சவரிமுத்து அங்கிள் வந்தார். “ரெஜினா! வடை கருகுது!”

ஆன்ட்டி திரும்பவில்லை. “கருகட்டும். அந்தோணி பாலத்து மேல நிக்கிறான்.”

அங்கிள் திரையைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்தா அந்தோணி பாலத்திலிருந்து விழுந்து, ஆமை வர வேண்டும்? “ஆமை புகுந்த வீடு உருப்படாதும்பாங்க. நீ கோயிலுக்குள்ளயே கொண்டாந்து விட்டுட்டியேப்பா,” என்று என்னிடம் சொல்லிக்கொண்டே, கூப்பன் போடும் பிஸ்கட் டின்னைத் தூக்கி ஆட்டினார். உள்ளே ஒரே ஒரு கூப்பன் சரசரத்தது. “அஞ்சு நிமிஷம் தர்றேன். இந்தக் கூட்டத்தக் கலைக்கிற. இல்லன்னா உங்கப்பாகிட்ட நான் பேச வேண்டிய பேச்சு எதுவும் இல்ல.”

மேசைக்கடியில் பிளக் தெரிந்தது. என் வலது கால் மெல்ல அதை நோக்கி நகர்ந்தது.

சரியாக அந்த நேரம் அந்தோணி கடைசிக் குகைக்குள் நுழைந்தான். தூரத்தில் தங்கப் பெட்டி மின்னியது. “அந்தோணியாரே! அந்தோணியாரே!” என்று கூட்டம் ஒரே குரலில் கத்தியது. நற்கருணை ஆசீருக்குக் கோயிலில் ஒரு ஆளையும் காணாமல் தேடி வந்த ஃபாதர், இந்தப் பக்தியைக் கண்டு வாசலிலேயே உருகி நின்றார். நான் காலால் பிளக்கை இழுத்தேன்.

திரை இருண்டது.

“அலாமக்!” என்று யாரோ சொன்னது கேட்டது. ஆன்ட்டி திரையைப் பார்த்தார். தலைக்குமேல் நிற்காமல் சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் மூன்றடி பின்வாங்கினேன். டக், டக், டக் என்று ஏதோ கூடவே வந்தது. குனிந்து பார்த்தால், பிளக் வயர் என் செருப்பு வாரில் சிக்கியிருக்கிறது.

“பெனடிக்,” என்றார்.

“கால் தட்டிடுச்சு ஆன்ட்டி.” (திருவிழா நாள். ஃபாதர் முன்னிலையில். பச்சைப் பொய்.)

ஃபிலோ கூப்பன் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டாள், தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து என் நெஞ்சே வெடித்துவிட்டது. சிரித்தாளாம், பாவி.

ஆன்ட்டி எழுந்து சேலைக் கொசுவத்தைச் சரிசெய்தார். “பொட்டியக் கட்டு.”

எல்லாம் முடிந்தது என்று கட்டினேன்.

“கட்டி, நாளைக்கு சாயந்தரம் எங்க வீட்டுக்குத் தூக்கிட்டு வா. அந்தப் புள்ளய குகைக்குள்ள விட்டுட்டு என்னால தூங்க முடியாது.”

“ரெஜினா, இந்தப் பையனப் போயி வீட்டுக்கு…” என்று அங்கிள் ஆரம்பித்தார்.

“நீங்க போயி வடையப் பாருங்க.”

பிறகென்ன! அந்தக் கேமில் விட்ட இடத்திலிருந்து தொடர வழியில்லை. நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்துதான். மறுநாள் சாயந்தரமும், அதற்குப்பிறகு வாரா வாரம் சனிக்கிழமையும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறி தோ பாயோவில் அவர்கள் அடுக்குமாடி வீட்டுக்குப் போனேன். ஆன்ட்டி விளையாடுவார். ஃபிலோ சட்டப்படி எனக்குக் கோப்பி கொடுப்பாள். அங்கிள் பேப்பருக்குப் பின்னால் ஒளிந்திருப்பார். நாலாவது வாரம் பேப்பருக்குள்ளிருந்து, “இடது பக்கம் போகச் சொல்லு,” என்று ஒரு குரல் வந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மூன்றாவது மாதம் தங்கப் பெட்டி திறந்தது. அந்தோணி ஆடினான், நாங்கள் எல்லோரும் ஆடினோம், கேம் தானாக முதலிலிருந்து தொடங்கியது. அன்றைக்கே ஆன்ட்டி கணவரிடம் சொன்னார்: “பையனுக்குப் பொறுமை பத்தாது, பொய் சொல்லவும் தெரியல. ஆனா மூணு மாசமா பொட்டியச் சொமந்துக்கிட்டு ரெண்டு பஸ் மாறி வர்றான். இதுக்கு மேல என்னாங்க பொறுப்பு வேணும்?”

நிச்சயதார்த்தத்தில் என் பெரியப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, பெண் வீட்டில் என்ன செய்வதாக உத்தேசம் என்று இழுத்தார். ஆன்ட்டி சபை நடுவில் பட்டென்று சொன்னார்: “நாங்க செய்றது இருக்கட்டும். அந்தப் பொட்டி இனிமே எங்க வீட்லதான் இருக்கும்.” கொடுத்தோம். எங்கள் கோயிலில் மாமியாருக்குச் சீதனம் கொடுத்துக் கல்யாணம் செய்துகொண்ட ஒரே மாப்பிள்ளை என்ற பெயர் எனக்கு அப்படித்தான் வந்தது. எந்தக் கல்யாண வீட்டில் சீர் பேச்சு எடுத்தாலும், யாராவது ஒருவர் என் பக்கம் கையைக் காட்டிச் சிரிப்பார்.

என் மகள் இந்தக் கதையைத் தன் கூட வேலை பார்க்கும் பையனிடம் சொல்லியிருக்கிறாள். அவன் அதை வேடிக்கைக் கதை என்று எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் குடும்ப வழக்கம் என்று நம்பிவிட்டான். பெண் கேட்டு முதல் முறையாக எங்கள் வீட்டுக்கு வந்தபோது, பூவும் இல்லாமல் பழமும் இல்லாமல், புத்தம்புது வீடியோ கேம் பெட்டி ஒன்றை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்து வாசலில் நின்றான். ஃபிலோ சிரித்துச் சிரித்துச் சோபாவிலேயே சாய்ந்துவிட்டாள். நான் அவனுக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் விழித்தேன். அதற்குள் எண்பத்து மூன்று வயது அத்தை, அதே ரெஜினா ஆன்ட்டிதான், எழுந்துபோய்ப் பெட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்துச் சொன்னார்:

“தங்கமான பையன். தேதி பாருங்க.”