மழை விடுமுறைக்கு நான் போட்ட முத்திரை

செய்தியை முதலில் சொல்கிறவனுக்கு உடனே பேர் கிடைக்கும். சரிபார்த்துச் சொல்கிறவனுக்குத் தாமதமாகத்தான் கிடைக்கும். நான் இரண்டாவது கட்சி. அந்தப் பெருமையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் இன்றும் திரிகிறேன். நடுவில் ஒரே ஒரு மழை நாளில் மட்டும் அந்த நெஞ்சு கொஞ்சம் உள்வாங்கியது. (அந்த நாளின் தேதி, கிழமை எல்லாம் என்னிடம் இருக்கிறது. அச்சில் வந்தால் தெருவில் ஆண்டுவிழா எடுத்துவிடுவார்கள் என்று மனைவி தடுத்துவிட்டாள்.)

புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் ஒரு சோப்புக் கம்பெனியில் எனக்குக் கணக்கு எழுதும் வேலை. வீட்டில் நாளிதழ்களை வெட்டி, ஓரத்தில் தேதி போட்டு, ஒட்டிவைக்கும் வேலை. முன்பெல்லாம் எங்கள் நெல்லித்தோப்புத் தெருவுக்குச் செய்தி மரியாதையாக வரும். காலையில் டீக்கடைப் பேப்பர், மாலையில் வானொலி, இரவில் தொலைக்காட்சி. பிறகு எல்லார் கைக்கும் இணையம் வந்தது. செய்திக்கு வேளை போயிற்று, தேதியும் போயிற்று. எனக்கு வலித்தது இரண்டாவதுதான்.

தெருவுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினார்கள். அதில் அடுத்த வீட்டுச் சகாயராஜ் ஒருவரே ஒரு செய்தி நிறுவனம். நோணாங்குப்பத்தில் படகு ஓட்டுகிறவர். வந்ததையெல்லாம் வந்த சூட்டோடு அனுப்புவார். ஒருமுறை நோணாங்குப்பத்துச் சுண்ணாம்பாற்றில் முதலை என்று ஒரு படம் அனுப்பினார். தினமும் அந்த ஆற்றிலேயே கிடப்பவர், தாமே அதை நம்பி வேலைக்கு லீவும் போட்டுவிட்டார்! அந்த முதலை எங்கோ கண்டம் தாண்டி இருப்பது என்று நிரூபித்தவன் நான். உடனே என்னை அட்மின் ஆக்கினார்கள். பதவிக்கு ஏற்ற கம்பீரம் வேண்டாமா? ‘பொய்ச் செய்தி’ என்று சிவப்பு வட்டத்தில் ஒரு முத்திரை வரைந்து வைத்துக்கொண்டேன். நான் அதைப் போட்டால் தெருவில் அப்பீல் கிடையாது.

அந்தக் காலையில் மழை கொட்டியது. கடலூருக்கும் விழுப்புரத்துக்கும் பள்ளி விடுமுறை என்று தொலைக்காட்சியில் எழுத்து ஓடியது. புதுச்சேரியைக் காணோம். (எங்களுக்கு இது புதிதல்ல. இரண்டு பக்கமும் லீவு விட்ட பிறகும் நாங்கள் நடுவில் நனைந்துகொண்டு காத்திருப்போம்.) அப்போது சகாயராஜ் குழுவில் ஓர் அறிவிப்பின் படத்தைப் போட்டார்: புதுச்சேரிப் பள்ளிகளுக்கு இன்று விடுமுறை.

கண்ணாடியை மாட்டினேன். படத்தின் மேல்பகுதி வெட்டுப்பட்டு, தேதி இருக்க வேண்டிய இடமே இல்லை. தேதி இல்லாத செய்தி எனக்குத் தலையில்லாத முண்டம். போன வருடத்து அறிவிப்பை என் சேகரிப்பிலிருந்து எடுத்து ஒப்பிட்டேன். வார்த்தைக்கு வார்த்தை அதேதான்! திருடனைக் கையும் களவுமாகப் பிடித்த மகிழ்ச்சியில், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ‘சென்ற ஆண்டின் அறிவிப்பு. யாரும் நம்ப வேண்டாம்’ என்று எழுதி, முத்திரையை ஓங்கிப் போட்டேன்.

“ஏங்க, வெளிய எட்டிப் பாருங்க. சுண்ணாம்பாறே தெருவுல ஓடுது. இதுல புள்ளைய எப்படி அனுப்புறது?” என்றாள் மனைவி செல்வி.

“மழை ஆதாரம் ஆகாது, செல்வி.”

(இந்த வாக்கியத்தை நான் சொல்லவில்லை என்று மறுத்துப் பார்த்தேன். சாட்சிகள் இருந்தார்கள்.)

பிள்ளைகள் குடையோடு கிளம்பிப் போனார்கள். பெற்றோர்கள் வேலைக்குப் போனார்கள். நான் இரண்டாவது டீயை ருசித்துக்கொண்டிருந்தபோது, அப்போது பதினொன்றாவது படித்த என் மகள் நிலா, பள்ளி வாட்ச்மேனின் போனிலிருந்து பேசினாள்.

“அப்பா, கேட்டு பூட்டியிருக்கு. நம்ம தெரு பசங்க மட்டுந்தான் வந்திருக்கோம். வாட்ச்மேன் அண்ணன் சிரிக்கிறாரு.”

வருடாவருடம் பெய்வது அதே மழை. அதற்கு விடும் அறிவிப்பில் மட்டும் புது வார்த்தை எதற்கு? இது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

முட்டளவுத் தண்ணீரில் ஓடினேன். பள்ளி வாசலில் குருவிக் கூட்டம் போலப் பிள்ளைகள் ஒடுங்கி நின்றார்கள். எனக்கு முன்பே அங்கே ஒருவர், படகுத்துறையில் மாட்டும் ஆரஞ்சு மிதவைச் சட்டையோடு. சகாயராஜ்!

“நீங்க எங்க இங்க?” என்றேன்.

“எம் பையனும் இங்கதாண்ணே இருக்கான்.”

“லீவுன்னு அனுப்புனதே நீங்கதானே?”

“அனுப்புனேன். அப்பறம் உங்க முத்திரைய பாத்தேன். நம்ம செய்தி எப்பண்ணே உண்மையா இருந்திருக்குன்னு பையன கெளப்பி உட்டுட்டேன்.”

அந்த மனிதரின் வாழ்நாளில் ஒரே ஓர் உண்மைச் செய்தி. அதையும் அவரையே நம்பவிடாமல் செய்த சாதனை என்னுடையது.

பிள்ளைகளை எங்கள் வீட்டுக்கே ஓட்டிவந்தோம். வீடெங்கும் ஈரச் சட்டைகள் தொங்கின. செல்வி உப்புமா கிண்டிக்கொண்டே இருந்தாள். குழுவில் கோபம் கொப்பளித்தது. “இனிமே யார் பேச்சத்தான் நம்புறது?” என்று ஒரு தாய் வேலையிடத்திலிருந்து அனுப்பிய குரல்பதிவு என்னை உலுக்கியது. அட்மின் நான். காலையில் நான் போட்ட பதிவை அழித்துவிட ஒரு விரல் போதும். விரலும் அங்கே போனது. ஆனால் தேதி போட்டு ஒட்டிப் பழகிய கைக்குக் கிழிக்க வரவில்லை. என் பதிவின் மேலேயே என் சிவப்பு முத்திரையைப் போட்டேன். ‘பொய்ச் செய்தி. வெளியிட்டவர்: அட்மின்.’

முதலில் கைதட்டல் பொம்மை போட்டவர் சகாயராஜ்.

அன்றிலிருந்து தெருவுக்கு ஒரு நல்ல வியாதி பிடித்தது. யார் எதை அனுப்பினாலும் “தேதி எங்க? யார் சொன்னா?” என்று பத்துப் பேர் பாய்கிறார்கள். ஊரெல்லாம் வதந்தியில் மிதந்த நாட்களிலும் எங்கள் குழுவில் ஈரம்கூடப் படவில்லை. வீட்டிலோ, சோறு தயார் என்று நான் சொன்னால்கூட நிலா அடுப்படிக்குப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் தட்டை எடுக்கிறாள்.

வருடங்கள் ஓடி, போன மாதம் அவளுக்கு நிச்சயதார்த்தம் முடிவானது. பூரிப்போடு குழுவில் எழுதினேன். ஒரு வாழ்த்து இல்லை. நெடுநேரம் கழித்துச் சகாயராஜின் கேள்வி மட்டும் வந்தது:

“அண்ணே, அண்ணிகிட்ட கேட்டாச்சா?”

செல்வி வந்து “உண்மதாங்க” என்று எழுதிய பிறகுதான் வாழ்த்துகள் குவிந்தன. இதைக் கேள்விப்பட்ட மாப்பிள்ளை வீட்டார், பெண்ணின் அப்பாவையே நம்பாத தெருவா இது என்று திகைத்தார்கள்.

ஆமாம், அப்படிப்பட்ட தெருதான். வளர்த்தவன் நான்.