ஒரு நாள் தலைவரும் ஒரு கிணறும்

ஒரு காட்டில் சிங்கம் இல்லை. முன்பு இருந்தது. சுற்றுலா வண்டிகளுக்கு முன்னால் கொட்டாவி விட்டுப் படத்துக்கு நிற்கும் உத்தியோகம் கிடைத்ததும் குடும்பத்தோடு எல்லை தாண்டிப் போய்விட்டது. ராஜா போனால் காடு சும்மா இருக்குமா? ஆப்பிரிக்காவின் நடுவில் கிடந்த அந்தக் காடு கிரிம்போ மாவட்டம் ஆனது. ஆளுநர், எழுத்தர், நீர்வளத் துறை, நீர்வளத் துறைக்கு ஒரு துணைத் துறை என்று எல்லாம் வந்து இறங்கின. முன்பு சிங்கம் மட்டும் தின்றது, அவ்வளவுதான் வித்தியாசம்.

மாவட்டத்தின் நிலவியலைப் புரிந்துகொள்ளப் பள்ளிக்கூடம் போக வேண்டியதில்லை. தெற்கே சதுப்பு நிலம், எங்கே மிதித்தாலும் தண்ணீர். நடுவில் முள்மரங்கள் நிற்கும் செம்மண் வெளி. வடக்கே ஒரு மொட்டை மலை, அதன் அடியில் புழுதி. ஆளுநர் தொம்போரோ ஒரு நீர்யானை. ஆகவே தலைமை அலுவலகம் சதுப்பின் நடுவில் அமைந்தது. நீர்வளத் துறையும் அங்கேயேதான். தண்ணீருக்குள் உட்கார்ந்தால்தான் தண்ணீரைப் பற்றி யோசிக்க முடியும் என்பது ஆளுநரின் கொள்கை.

மொட்டை மலையடி ஊரில் சிகாலா என்றொரு காட்டுப்பன்றி இருந்தாள். கோரைப்பல் இரண்டும் வெளியே வளைந்திருக்கும், ஓடினால் வால் நேராக நிமிர்ந்துகொள்ளும். கோடை வந்தால் அவள் குட்டிகளை ஓட்டிக்கொண்டு தூரத்து ஆற்றுக்குத் தண்ணீர் குடிக்கப் போக வேண்டும். சதுப்பு அதைவிடத் தூரம், குட்டிகளால் நடக்க முடியாது. ஆற்றில் முதலைகள். போன கோடையில் அவளுடைய கடைக்குட்டியை ஒரு முதலை இழுத்துக்கொண்டு போயிற்று. அன்றிலிருந்து சிகாலாவுக்கு வேறு ஆசையே இல்லை. ஊருக்குள் ஒரு கிணறு வேண்டும். மிச்சக் குட்டிகளாவது உயிரோடு வளர வேண்டும்.

கிணறு அனுமதியாகவில்லையா என்றால், ஆகியிருந்தது. ஒரு முறை அல்ல, பல முறை. கெடுத்தது ஊர் வழக்கம். அந்த மாவட்டத்தில் ஊருக்கென்று தனிப் பெயர் கிடையாது. உயிரோடு இருக்கும் தலைவரின் பெயர்தான் ஊரின் பெயர். தலைவர் செத்தால் அடுத்தவர் பெயருக்கு ஊர் மாறிவிடும். செத்தவரின் பெயரை யாரும் வாயால் சொல்லவும் கூடாது. சொன்னால் ஆவி திரும்பி வந்து பதவியைக் கேட்குமாம். ஆவிக்கே பதவி ஆசை என்றால் உயிரோடு இருப்பவர்களைக் குற்றம் சொல்லி என்ன பயன்?

முதலில் தண்டிலா என்ற மான் தலைவராக இருந்தார். அவர் கொடுத்த மனுவுக்கு அனுமதி வருவதற்குள் சிறுத்தை வந்துவிட்டது. காரியம் நடந்துகொண்டிருந்த நேரம் பார்த்துக் கிணறு தோண்டும் குழு வந்து நின்றது. மண் தோண்டியே பிழைக்கும் நிலப்பன்றிகள் அவை.

"ஏங்க, தண்டிலா ஊர் இதுதானே?" என்று குழுத்தலைவர் கேட்டார்.

ஊரே முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஆமாம் என்று சொன்னால் பெயரை ஒப்புக்கொண்டதாகிவிடும் அல்லவா? ஒரு வரிக்குதிரைக் குட்டி வாயைத் திறந்தது. அதன் தாய் குளம்பால் பொத்தினாள். குழு கொஞ்ச நேரம் நின்று பார்த்தது, "ஊர் இல்லை" என்று மேலே எழுதி அனுப்பியது, திரும்பிப் போயிற்று. அடுத்த தலைவர் முயல். அதற்கடுத்தவர் தீக்கோழி. முயலுக்கும் அதே கதி, தீக்கோழிக்கும் அதே கதி. ஒவ்வொரு முறையும் அனுமதி வந்தது, தலைவர் போனார்.

சிகாலா யோசித்தாள். மனுவைவிட அதிக நாள் உயிரோடு இருக்கும் ஆள் யார்? ஆமை!

"நான் சாக மாட்டேங்கிறது ஒரு தகுதியா?" என்று ஆமை போகோ கூச்சத்தோடு கேட்டது.

"இந்த மாவட்டத்துல அது ஒண்ணுதாண்ணே தகுதி" என்றாள் சிகாலா.

ஊர் கூடி ஆமையைத் தலைவராக்கியது. "தலைவர் நீடூழி வாழ்க!" என்று எல்லோரும் கத்தினார்கள். ஆமைக்கு மட்டும் அது வாழ்த்து அல்ல, வெறும் தகவல்.

புது மனுவோடு சிகாலா தலைமை அலுவலகத்துக்கு ஓடினாள். வரிசையில் நின்று நின்று கால் சேற்றில் புதைந்த பிறகு அவள் முறை வந்தது. எழுத்தர் ஒரு வழுக்கைத் தலை நாரை. மனுவைக் கண்ணுக்கு அருகே வைத்துப் பார்த்தது.

"தலைவர் யாரும்மா?"

"ஆமைங்க சார். பேரு போகோ."

நாரையின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "ரொம்ப நல்லதாப் போச்சு. விதி என்ன சொல்லுது? தலைவர் காலத்துக்குள்ள வேலைய முடிக்கணும். அவர் காலம் முடியறதுக்குள்ள என் பேரனே ரிட்டயர் ஆயிடுவான். என்ன அவசரம்?"

"என் குட்டிங்களுக்கு இப்பத்தானே சார் தாகம் எடுக்குது?"

"தாகத்துக்கு விதியில இடம் இல்லியேம்மா" என்று வருத்தத்தோடு சொல்லி, மனுவை அடுக்கின் அடியில் செருகியது நாரை.

கோடை போயிற்று. அடுத்த கோடை வந்தது. சிகாலாவுக்குப் புதிதாகக் குட்டிகள் பிறந்திருந்தன, ஆற்றில் முதலைகளுக்கும்தான். போகோ தலைவர் ஒரு சுருக்கம்கூடக் கூடாமல் அப்படியே இருந்தார். அவரைப் பார்க்கும்போதெல்லாம் சிகாலாவுக்கு ஆத்திரம் வந்தது. பாவம், அவர் என்ன செய்வார்?

ஒருநாள் விடியற்காலையில் இடி இடித்தது. புழுதி நனையும் அளவுக்கு ஒரு ஏமாற்று மழை தூறி ஓய்ந்தது. குட்டையில் ஒரு வாய்த் தண்ணீர்கூடச் சேரவில்லை. ஆனால் புற்றிலிருந்து ஈசல்கள் புறப்பட்டன. அதில் ஒன்று சிகாலாவின் கோரைப்பல்லில் வந்து உட்கார்ந்தது.

"அக்கா, என் பேரு துலி. இங்க ஏதாவது வேலை இருக்கா? சாயங்காலம் வரைக்கும் நான் ஃப்ரீ."

சிகாலா ஈசலைப் பார்த்தாள். பிறகு சூரியனைப் பார்த்தாள். அவள் வால் தானாக நிமிர்ந்தது.

"தம்பி, எங்க ஊருக்குத் தலைவரா இருக்கியா?"

"என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம். சாயங்காலம் ஆனதும்..."

"அதானே? அத நான் எப்படியும் செய்யத்தானே போறேன்" என்றான் துலி. "வெட்டியாச் செத்தா ஒண்ணும் இல்ல. தலைவரா செத்தா நல்லாத்தான் இருக்கும்."

போகோ சந்தோஷமாகப் பதவி விலகினார். "நான் ராஜினாமா செய்கிறேன்" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் துலியின் இளமை முழுவதும் போய்விட்டது.

அந்தப் பக்கத்தில் கைபேசிக்கு சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் ஒட்டகச்சிவிங்கி லோமாவின் காது. ஊர்க் கைபேசியை அவள் கொம்பில்தான் கட்டியிருந்தார்கள். லோமா அலுவலகத்துக்கு அழைத்தாள்.

"சார், மலையடி ஊர்லேருந்து பேசறேன். தலைவர் மாறியாச்சு. புதுத் தலைவர் ஈசல்."

மறுமுனையில் நாரை பேனாவை எடுத்தது. "பதவிக்காலம்?"

"வெளிச்சம் இருக்கிற வரைக்கும் சார். மனு நிலுவையில இருக்கு. அவர் பேருக்கு மாத்திப் பதிஞ்சுக்கங்க."

நாரை கணக்குப் போட்டது. மற்ற தலைவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் செத்தார்கள்; "ஊர் இல்லை" என்று எழுதிக் கை கழுவ முடிந்தது. இந்தத் தலைவரோ சாகும் நேரத்தை முன்னாலேயே அலுவலகத்தில் பதிந்துவிட்டார். இனி, தெரியாது என்று சொல்ல வழியில்லை. வேலை முடியாவிட்டால் தணிக்கைக் கழுகுக்கு விளக்கம் எழுத வேண்டும். கிரிம்போ மாவட்ட ஊழியருக்கு முதலையிடம்கூடப் பயம் கிடையாது, விளக்கம் எழுதுவது என்றால்தான் உயிர் போகும். நாரை ஓடிப்போய் ஆளுநரைத் தட்டி எழுப்பியது. மூக்குத் துவாரங்களை மட்டுமே பார்த்துப் பழகிய ஊழியர்கள், ஆளுநருக்குக் கால்கள் இருப்பதை அன்றுதான் பார்த்தார்கள். ஆணை பறந்தது.

நிலப்பன்றிக் குழு செம்மண் வெளியில்தான் முகாம் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது. எழுந்து ஓடிவந்தது. ஊர்த்தலைவருக்கு வணக்கம் சொல்லப் போன குழுத்தலைவர் துலியைக் கண்டதும் அப்படியே நின்றார். நிலப்பன்றிக்கு ஈசல் என்றால் விருந்து. அவருடைய நீண்ட நாக்கு தன்னையறியாமல் வெளியே வந்தது.

"இவரா தலைவரு?"

"ஆமா. நாக்க உள்ள போடு" என்றாள் சிகாலா, கோரைப்பல்லைக் காட்டி. "இவரு இப்பச் செத்தா மனு செத்துச்சு. மனு செத்தா விளக்கம் நீதான் எழுதணும்."

நாக்கு உள்ளே போயிற்று. எத்தனையோ தலைவர்கள் ஊழியர்களை விழுங்கிப் பார்த்த மாவட்டம் அது. ஊழியர் தலைவரை விழுங்காமல் காவல் நின்றது அன்றுதான்.

மண் பறந்தது. உச்சி வெயிலில் பாறை தட்டுப்பட்டது. "சாப்பாட்டு நேரம்" என்றது குழு, துலியைப் பார்த்துக்கொண்டே. சிகாலா நகரவில்லை. பாறையைச் சுற்றி மறுபடி தோண்டினார்கள். வெயில் சாயச் சாயத் துலியின் இறக்கைகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. அவன் கிணற்று விளிம்பில் ஊர்ந்துபோய் எட்டிப் பார்த்தான்.

"தண்ணி வந்துச்சாக்கா?"

"இன்னும் கொஞ்ச நேரந்தான், துலி. இரு, துலி. கண்ண மூடாத, துலி."

இருட்டிவிட்டால் அந்தப் பெயரைச் சொல்லக் கூடாது. அதனால் சொல்ல முடிந்தவரை சொல்லிக்கொண்டே இருந்தாள். மலை உச்சியைச் சூரியன் தொட்டபோது கீழே சளக்கென்று ஒரு சத்தம் கேட்டது. கலங்கல் தண்ணீர் பொங்கி ஏறியது. குட்டிகள் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு விளிம்பில் முழங்கால் போட்டுக் குடித்தன. துலி அந்தச் சத்தத்தைக் கேட்டான், சிரித்தான், பிறகு அசையவில்லை. சிகாலா அழுதாள். அவள் தலைவர்கள் பலரைப் பார்த்தவள். ஒரு தலைவருக்காக அழுதது அதுதான் முதல் தடவை.

செய்தி மாவட்டம் முழுவதும் பரவியது. புற்று ஈரமாகும் நாளுக்காக எல்லா ஊர்களும் காத்திருந்தன. காலையில் தேர்தல், மாலையில் காரியம். நடுவில் ஒரு ஊருக்கு ரோடு வந்தது, ஒரு ஊருக்கு மருத்துவமனை வந்தது. இவ்வளவு வேலை நடந்ததைப் பார்த்து ஆளுநர் தொம்போரோ பூரித்துப் போனார். எல்லாம் தன் நிர்வாகத் திறமை என்று சொல்லிக்கொண்டு, அடுத்த தேர்தலுக்கு ஆதரவு கேட்டு மலையடி ஊருக்கு வந்தார்.

ஊர் திரண்டு நின்றது. எல்லோர் முகத்திலும் அப்படி ஒரு பாசம். சிகாலா முன்னால் வந்து, மிக அக்கறையோடு கேட்டாள்:

"ஐயா, உடம்பு எப்படி இருக்கு?"

"எனக்கென்ன? கல்லு மாதிரி இருக்கேன்!" என்றார் ஆளுநர், மார்பைத் தட்டி.

ஊரார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் கை தட்டவில்லை. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஒவ்வொருவராக வீட்டுக்குக் கிளம்பினார்கள்.

நீதி: தலைவரை நீடூழி வாழ்க என்று வாழ்த்தாதீர்கள். அவர் வாழ்வார், உங்கள் மனுவும் அவரோடு சேர்ந்து நீடூழி வாழும்.