பதினெட்டு பாட்டில் சீமெண்ணெய்

வெள்ளைத்துரை முதலாளி ஒரு கை ஏலக்காயை அள்ளி மூக்கருகே கொண்டுபோனார். முகம் சுளித்தது. அடுத்த மூட்டையிலிருந்து இன்னொரு கை. இன்னும் சுளித்தது.

"ஏய் சௌந்தரபாண்டி, இங்க வா. இத மோந்து பாரு."

சௌந்தரபாண்டியன் மோந்து பார்த்தான். பத்து வருஷமாக ஏலக்காயைச் சலித்துத் தரம் பிரிக்கிறவனுக்குத் தெரியாதா? மண்ணெண்ணெய் வாசம்.

"நல்லாத்தான் இருக்குது முதலாளி."

"வெளக்குல போட்டா எரியும்டா! நாளக்கழிச்சு ஏலம். வடக்கத்தி வியாபாரி இத மோந்தான்னா அப்புறம் என் கடைவாசலையே மிதிக்க மாட்டான். எங்கேயிருந்து வருதுன்னு வெரசா பாரு."

பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. மூட்டைகள் அடுக்கிய கிட்டங்கிக்குப் பின்னால், பலகைத் தடுப்புக்கு அந்தப்பக்கம்தான் அவன் குடியிருக்கும் அறை. அங்கே கட்டிலுக்கடியில் பதினேழு பாட்டில் மண்ணெண்ணெய் இருந்தது.

இத்தனைக்கும் அவனிடம் அடுப்பு கிடையாது. மூன்று வேளையும் மெஸ் சாப்பாடு. ஒண்டிக்கட்டை.

அரபு நாட்டில் ஏதோ சண்டை என்றார்கள். போடியில் பெட்ரோல் விலை ஏறியது. மலைக்குப் போகும் ஜீப்புக்காரர்கள் கூலியை இரட்டிப்பாக்கினார்கள். மண்ணெண்ணெய் டிப்போவில் செவ்வாய், வெள்ளி காலை மட்டும் ஆளுக்கொரு பாட்டில் என்று போர்டு தொங்கியது. மெஸ்காரர் கெஞ்சியதால் ஒரு செவ்வாய்க்கிழமை அவருக்காகப் போய் வரிசையில் நின்றான் சௌந்தரபாண்டியன். அந்த வெள்ளிக்கிழமையே மெஸ்காரர் விறகுக்கு மாறிவிட்டார். சௌந்தரபாண்டியன் மாறவில்லை.

காரணம், பக்கத்தில் நின்ற பெண்கள் வரிசை. அதில் ஞானபாக்கியம் நின்றாள். ஆஸ்பத்திரி நர்ஸ். இரவு வேலை முடிந்த கையோடு, கண்ணில் தூக்கத்தோடு, வெள்ளைச் சேலையில் வருவாள். இரண்டு வரிசையும் ஒரே வேகத்தில் நகர்ந்ததால் ஒன்றரை மணி நேரம் அருகருகே நிற்கலாம்.

"உங்க வீட்டுல எத்தனை பேருங்க?" என்று ஒருநாள் அவளே கேட்டாள்.

அடுப்பில்லாதவன் எதற்கு வந்து நிற்கிறான் என்று கேட்டுவிட்டால்?

"ஆறு பேருங்க. அம்மா, ரெண்டு தம்பி, மூணு தங்கச்சி." சொன்ன பிறகுதான் தன்னைச் சேர்த்தால் ஏழு வருவதைக் கவனித்தான்.

அவள் ஒரு கணம் தயங்கினாள். "எங்க வீட்டுல எட்டு பேரு."

அன்றைக்கு மெஸ்ஸில் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. எட்டுப் பேரில் ஒருவன் புருஷனாக இருப்பானோ? அவள் கழுத்தில் மெல்லிய சங்கிலி ஒன்று உண்டு. சேலைக்குள் மறைந்த அதன் முனையில் இருப்பது சிலுவையா, தாலியா என்று தெரியவில்லை. கேட்கவும் முடியவில்லை. ஆனால் அவள் ஒருநாள்கூட அவனை 'அண்ணே' என்று கூப்பிட்டதில்லை. அந்த ஒரு சொல் வராததை நம்பியே ஒன்பது வாரத்தை ஓட்டினான். ஊரே விலை இறங்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தபோது, அவன் ஒருவன் மட்டும் அது அப்படியே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டான்.

இப்போது முதலாளியின் மூக்கு குறுக்கே வந்தது.

பாட்டில்களைக் கட்டிலுக்கடியிலிருந்து எடுத்து, தடுப்புக்கு மேலே கிட்டங்கி வரை நீளும் பரணில் ஏற்றினான். மேலே தகரக் கூரை, வெயில் காலம். மத்தியானத்துக்குள் காகித மூடிகள் இளகி, பரணிலிருந்து எண்ணெய் சொட்டுச் சொட்டாக இறங்கி, முதல்தர ஏலக்காய் மூட்டை ஒன்றை நனைத்தது. பாட்டில்களை அவசரமாக மறுபடி கீழே இறக்கினான். வாசத்தை அமுக்க ஒரு கட்டு ஊதுபத்தியைக் கொளுத்தி மூட்டைகளுக்கு நடுவில் வைத்தான்.

முதலாளி உள்ளே வந்தார்.

"யாருடா செத்தது?"

"வாசத்துக்கு முதலாளி..."

"சீமெண்ணெ நாத்தத்துல நெருப்பைக் கொண்டாந்து வச்சிருக்க! கூறு இருக்கா? நாளைக்கு ராத்திரிக்குள்ள இந்த நாத்தம் போகல, நீ போயிரு."

மறுநாள் வெள்ளிக்கிழமை. இன்றே கடைசி என்ற முடிவோடு வரிசைக்குப் போனான். அவளைப் பார்த்ததும் முடிவு சற்றுத் தள்ளி நின்றது. அவனுக்கு ஒரு பாட்டில் கிடைத்தது. அவளுக்கும் கிடைத்தது. அவளுக்குப் பின்னால் நின்றவள் முறை வந்தபோது டிப்போக்காரர் கதவை இழுத்துவிட்டார்.

"தீந்து போச்சு தாயி. செவ்வாக்கெழம வா."

அவள் பெயர் செல்லத்தாய். மலையோரக் குரங்கணியிலிருந்து நடந்தே வந்திருந்தாள்.

"ஜீப்புக்காரன் கேக்குற கூலிக்கு நான் எங்கய்யா போவேன்? புள்ளைக்குக் காச்ச. இருட்டுல பூச்சி பொட்டு வந்தாக்கூடத் தெரியல. நாலு நாளா வெளக்கு இல்ல சாமி."

சௌந்தரபாண்டியனுக்குச் சுரீரென்றது. பதினேழு பாட்டில். பதினேழு வீட்டு விளக்கு. தன் பாட்டிலை அவள் கையில் வைத்தான். அவள் கும்பிட்டபோது தரையைப் பார்த்தான்.

ஞானபாக்கியம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது.

"உங்க வீட்டுல ஆறு பேரு. இன்னைக்கு என்ன செய்வீங்க?"

"அது... பாத்துக்கிறலாங்க."

"இந்தாங்க." தன் பாட்டிலை அவன் கையில் திணித்தாள்.

"ஐயையோ, உங்க வீட்டுல எட்டு பேரு..."

"நான் பாத்துக்கிறேன்." திரும்பிப் பார்க்காமல் விறுவிறுவென்று போய்விட்டாள்.

பாட்டிலில் அவள் கைச்சூடு இன்னும் இருந்தது. அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கடைவீதி நெடுக நடந்தான். அவள் கொடுத்த முதல் பொருள். அதுவும் தன் பொய்யை நம்பி, எட்டுப் பேரைப் பட்டினி போட்டுக் கொடுத்தது. சந்தோஷத்தில் அழுவதா, வெட்கத்தில் அழுவதா என்று தெரியவில்லை.

அறைக்கு வந்தவன் ஒரு முடிவுக்கு வந்தான். பதினேழையும் குரங்கணிக்கு அனுப்பிவிட வேண்டும். அவள் தந்தது மட்டும் தன்னோடு இருக்கட்டும். ஜீப் டிரைவர் வீரணனைத் தேடிப் போனான்.

"அண்ணே, ஒரு லோடு. பதினேழு பாட்டில் சீமெண்ணெ. குரங்கணியில செல்லத்தாய்ங்கிற அம்மாகிட்ட எறக்கணும். தேவைப்படுற வீட்டுக்கெல்லாம் அவுக குடுத்துருவாக."

வீரணன் பீடியை வாயிலிருந்து எடுத்தான். "குரங்கணிக்கா? இல்ல போடிமெட்டு வழியா கேரளாவுக்கா மாப்ளே?"

"ச்சே, தருமத்துக்குண்ணே."

தருமம் என்ற சொல்லைக் கேட்டதும் வீரணனுக்கு இது கடத்தல்தான் என்பதில் சந்தேகமே இல்லாமல் போனது. "நீ வீட்டுல இரு. வண்டியோட வர்றேன்" என்றான். சொன்னபடி வண்டியோடு வந்தான். வண்டியில் சப்ளை இன்ஸ்பெக்டரும் இருந்தார்.

இன்ஸ்பெக்டர் குனிந்து கட்டிலுக்கடியில் எண்ணினார். "பதினெட்டு. அடுப்பு எங்கய்யா?"

"இல்லீங்க."

"அரிக்கேன் லைட்டு?"

"அதும் இல்லீங்க."

வாசலில் நின்ற முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டார். பாட்டில்களை ஜீப்பில் ஏற்றினார்கள். கடைசி பாட்டிலை எடுத்தபோது சௌந்தரபாண்டியன் குறுக்கே விழுந்தான்.

"ஐயா, இந்த ஒண்ண மட்டும் விட்டுருங்கய்யா!"

இன்ஸ்பெக்டருக்குக் கண் விரிந்தது. மூடியைத் திறந்து மோந்தார். ஆட்டினார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "இதுல என்னடா கலந்திருக்க?"

தாலுகா ஆபீசில் விசாரணை நடந்தது.

"யாருக்காக வாங்கின? உண்மையச் சொன்னா விட்டுர்றேன்."

சொல்லலாம். ஒரு நர்சம்மாவைப் பார்ப்பதற்காக வரிசையில் நின்றேன் என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். ஆனால் எட்டுப் பேர் இருக்கும் வீட்டில், கல்யாணம் ஆனவளோ ஆகாதவளோ, அவள் பெயர் ஊர்வாயில் விழுந்துவிடும். வேலை போகும், ஜெயிலுக்கும் போக நேரும்.

"விக்கத்தான்யா வாங்கினேன்."

இன்ஸ்பெக்டர் பெருமூச்சோடு எழுதத் தொடங்கினார். பியூன் உக்கிரபாண்டி அவன் தோளைப் பிடித்து வராந்தாப் பக்கம் தள்ளிக்கொண்டே சொன்னார்:

"அந்த பெஞ்சில போயி உக்காருப்பா, உனக்கு முன்னாடி புடிச்சுட்டு வந்த ஒரு நர்சம்மா இருக்காக, குவார்ட்டர்சுல ஒத்த ஆளு, அடுப்பும் இல்ல, கட்டிலுக்கடியில பதினேழு பாட்டிலு, யாருக்காகன்னு கேட்டா அவுகளும் 'விக்கத்தான்'னுட்டு அழுதுக்கிட்டே இருக்காக."