பிறையும் இரண்டு புள்ளியும்

நான்காவது சைக்கிளிலும் அதே அடையாளம் இருந்தது. சீட்டுக்குக் கீழே, ஃப்ரேமில், ஒரு பிறை. பக்கத்தில் இரண்டு புள்ளி.

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் லென்ஸை இன்னும் கிட்டே கொண்டுபோனார். பழைய சைக்கிள் பிரியர்கள் சங்கத்தில் ஆறு வருடமாக நாற்காலி எடுத்துப் போடுவதுதான் அவருக்குக் கிடைத்த பதவி. ஃப்ரேமில் இருக்கும் முத்திரையைப் பார்த்து, எந்தத் தொழிற்சாலை, எந்த வருடம் என்று தீர்ப்புச் சொல்லும் குழுவில் ஓர் இடம் காலி. அதில் உட்கார்ந்துவிட வேண்டும் என்று மனிதருக்கு அப்படி ஓர் ஆசை.

சங்கச் செயலாளரை வீட்டுக்கே வரவழைத்துவிட்டார்.

"எந்தப் புத்தகத்துலயும் இல்லாத முத்திரை சார். யாருக்குமே தெரியாத ஒரு தொழிற்சாலை இருந்திருக்கு!"

செயலாளர் லென்ஸை வாங்கிக் குனிந்து பார்த்தார். "நாலும் வேற வேற கம்பெனி வண்டியாச்சே?"

"பேருதான் வேற. எல்லாருக்கும் ஃப்ரேம் செஞ்சு குடுத்தது ஒரே இடம்."

"வாங்கும்போது இது கண்ணுல படலையா?"

"அத்தனை அழுக்கு சார். பின்னறையில வைஸ் இருக்கே, இரும்பு இடுக்கி, அதுல இறுக்கிப் பிடிச்சுத் தேய்ச்சுக் கழுவினாத்தான் வெளியவே வருது."

செயலாளரால் நம்பவும் முடியவில்லை, சும்மா விடவும் முடியவில்லை. வாசலில் நின்ற தன் வண்டியை உள்ளே தள்ளி வந்தார். அவர் அப்பா ஓட்டியது. எங்கே செய்தது என்பதற்கு ரசீதே பத்திரமாக இருந்தது. வண்டியின் ஃப்ரேமில் பிறையும் இல்லை, புள்ளியும் இல்லை.

"இதுக்கு என்ன சொல்றீங்க?"

கடைக்காரருக்கு முகம் சுண்டிப்போயிற்று. ஆனாலும் லேசில் விடுகிற ஆளா? "ஒரு தடவை கழுவிப் பாத்துடுவோமே சார்."

அரை மணி நேரத்தில் பின்னறையிலிருந்து வண்டி பளபளவென்று திரும்பி வந்தது. சீட்டுக்குக் கீழே பிறை. இரண்டு புள்ளி.

செயலாளர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்போ எங்கப்பா ஏமாந்துட்டாரா? முப்பது வருஷமா இந்த வண்டியைக் காட்டித்தானேய்யா எல்லாருக்கும் பாடம் எடுக்கறேன்!"

கடைக்காரருக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. உள்ளுக்குள் குளுகுளுவென்றும் இருந்தது. என்ன செய்வது, மனித மனசு.

செயலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உண்மைன்னா ஒத்துக்கணும். குழுவுல இனிமே நீங்கதான். காலியா இருக்கற இடம் மட்டுமில்ல, என் இடத்தையும் சேத்து எடுத்துக்குங்க. தலைவருக்கு இப்பவே சொல்லிடறேன்."

போனை எடுத்து எண்ணை அழுத்தினார். மறுமுனையில் தலைவர் "ஹலோ" என்றார்.

வண்டி கழுவிய தண்ணீர் அதற்குள் முன்னறை வரைக்கும் ஓடி வந்திருந்தது. துடைக்க வந்த கடைக்காரரின் மனைவி, கையிலிருந்த மாப்பின் இரும்புக் கம்பியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏங்க, நேத்து வாங்கின மாப், கம்பி நீளமா இருக்குன்னு காலையில உங்க வைஸ்ல மாட்டி அறுத்துக் குடுத்தீங்களே, இதுலயும் அதே பிறை, ரெண்டு புள்ளி இருக்கு, அந்தத் தொழிற்சாலையில மாப்பும் செஞ்சாங்களா?"