அம்மன் ஊர்வலத்தில் ஓடிய தறி

நகரி,
ஞாயிற்றுக்கிழமை.

சூளூர்பேட்டை ஸ்டேஷனில் கொடி காட்டி எத்தனையோ ரயில்களை அனுப்பிவைத்த, என் மரியாதைக்குரிய மச்சான் பாலசுந்தரம் அவர்கள் திருமுன்புக்கு, உங்கள் தங்கை தாட்சாயணியின் வீட்டுக்காரன் செங்கல்வராயன் கைகூப்பி எழுதிக்கொள்வது. இவ்விடம் நான், உங்கள் தங்கை, பெண் சிவசங்கரி, விசைத்தறிகள் எல்லாரும் சுகம். கரண்டுக்கு மட்டும் அவ்வப்போது சுகமில்லை. அவ்விடம் உங்களுக்கும் உங்கள் முழங்காலுக்கும் அம்மன் துணையிருக்க வேண்டுகிறேன். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்பீர்கள். போனில் நீங்கள் மட்டும்தான் பேசுவீர்கள், அதனால்தான்.

பெண்ணிடமிருந்து அந்தப் பெட்டியைப் பிடுங்கிப் பார்சலில் அனுப்பு, அவளைத் திருப்பதியில் பேங்க் கோச்சிங்கில் சேர் என்று உத்தரவு போட்டீர்கள். தாய்மாமன் சொல்லுக்கு மறுசொல் ஏது? பெட்டிக்குப் பெயர் சீக்வென்சர். முதன்முதலில் நான் அதை உங்களிடம் சொன்னபோது, "சீக்கு வந்துச்சா? யாருக்கு?" என்று பதறி, ஆரஞ்சுப் பழத்தோடு பஸ் ஏறி வந்துவிட்டீர்கள். பழத்தை நாங்கள்தான் தின்றோம், நல்ல இனிப்பு. அந்தப் பெட்டி பாடாது, வாசிக்காது மச்சான். எந்தச் சத்தம் எப்போது வரவேண்டும் என்று வரிசை போட்டுக் கொடுக்கும், அவ்வளவுதான். வரிசைக்குப் பதினாறு பொத்தான். விளக்கு எரிகிற பொத்தானில் சத்தம், எரியாத பொத்தானில் மௌனம். கடைசிப் பொத்தான் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஓடும். நம் ஜக்கார்டு தறியில் அட்டையில் ஓட்டை போட்டுப் பூ விழவைக்கிற அதே வேலைதான். இதை நான் அவளிடம் சொன்னேன். "இத்த மொதல்லயே சொல்லியிருக்கலாமே நைனா, நான் கம்ப்யூட்டர்ல தேடித் தேடிப் படிச்சேனே" என்றாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை எங்கள் தெரு அம்மனுக்கு ஜாத்திரை. ஊர்வலத்துக்குப் பேசிவைத்த பேண்டு செட்டு, புத்தூரில் ஒரு கல்யாணத்துக்கும் அதே சாயங்காலம் வாக்குக் கொடுத்துவிட்டுப் பிரியாணி வாசனை பிடித்து அங்கேயே போய்விட்டது. தர்மகர்த்தா வேதாச்சலம் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கையில் நம் பெண் போய், "நான் போடறேன் மாமா" என்று சொல்லிவிட்டாள். மத்தியானம் அவள் சோறு துன்னப் போன நேரம் பார்த்து, உங்கள் உத்தரவை நிறைவேற்றப் பெட்டியைத் தூக்கினேன். சத்தமெல்லாம் ஹெட்போனுக்குள் போய்க்கொண்டிருந்ததால் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. விளக்குகள் மட்டும் ஓடின. பார்த்தால் வரிசையில் நடுவே இரண்டு இடம் இருட்டு! மச்சான், தறிக்காரன் கண்ணுக்கு முன்னால் இழை அறுந்து கிடந்தால் கை சும்மா இருக்குமா? ஐயோ, குழந்தை கவனிக்காமல் விட்டுவிட்டதே என்று இரண்டையும் அழுத்தினேன். பளிச்சென்று எரிந்தன. அடடா, ஒரு நல்ல காரியம் செய்தோம் என்று நான் நிமிர்வதற்குள் அவள் கை கழுவிவிட்டு வந்து, பெட்டியை வாங்கிக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டாள்.

சாயங்காலம் அம்மனை டிராக்டரில் ஏற்றி, சிவசங்கரியும் பக்கத்தில் உட்கார்ந்து, ஸ்பீக்கரில் பம்பைச் சத்தம் அதிர ஊர்வலம் அமர்க்களமாகக் கிளம்பியது. மூன்றாவது தெரு திரும்பியதும் அவள் புதிதாக ஒரு சத்தத்தைச் சேர்த்தாள். டடக்கு டடக்கு டடக்கு. அது நம் வீட்டுத் தறியையே அவள் பதிவுசெய்து போட்டது, எனக்குத் தெரியாது. நான் மத்தியானம் கைவைத்தது அந்தச் சத்தத்தின் வரிசையில்தான். இடையிடையே விட்டுவிட்டு வரவேண்டிய அதை, என் இரண்டு பொத்தான் சேர்ந்து நிற்காமல் ஓடுகிற தறியாகவே ஆக்கிவிட்டது. ஜாத்திரை நாளில் இங்கே ஒரு தறியும் ஓடக்கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். எதிர்வீட்டுத் தறிக்காரி ஜெயம்மாதான் முதலில் அலறினாள். "ஐயையோ, எங்கூட்டுத் தறி ஓடிக்கினு கீது! நிறுத்தாம வந்துட்டேனே!" என்று கற்பூரத் தட்டைப் பந்தோபஸ்துக்கு வந்த கான்ஸ்டபிள் கையில் திணித்துவிட்டு ஓடினாள். அவளைப் பார்த்து அடுத்தவர், அவரைப் பார்த்து மற்றவர் என்று ஊர்வலமே அவரவர் வீட்டுக்கு ஓடிப்போயிற்று. "ஏமைந்தி? ஏமைந்தி?" என்று தெலுங்கில் என்ன ஆச்சென விசாரித்தபடி தட்டும் கையுமாகக் கான்ஸ்டபிள், டிராக்டர்மேல் அம்மன், பக்கத்தில் நம் பெண். அவள் முகம் செத்துப்போய்விட்டது.

பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நைனா, இதுல கை வச்சியா?"

"ரெண்டு இழை அறுந்து கெடந்துச்சு கண்ணு. போட்டுட்டேன்."

"அது அறுந்தது இல்ல நைனா. ஆடறவங்க மூச்சு வாங்கறதுக்கு நான் விட்ட எடம்."

அதற்குள் ஓடினவர்கள் தறி நின்றுதான் இருக்கிறது என்று கண்டு, சிரித்துக்கொண்டே திரும்பி வந்துவிட்டார்கள். சத்தம் டிராக்டரிலிருந்து வருகிறது என்று தெரிந்ததும் ஜெயம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு ஆட ஆரம்பித்தாள் பாருங்கள்! தெருவே ஆடிற்று. வேதாச்சலம் ஆடினார். கான்ஸ்டபிள் தட்டோடு ஆடினார். சிவசங்கரி என் இரண்டு பொத்தானில் ஒன்றை அணைத்துவிட்டு, மற்றதை அப்படியே விட்டுவைத்து, "இது நல்லா கீது நைனா" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது மச்சான். அவ்வளவு சந்தோஷம்.

ஆனாலும் உங்கள் வாக்கே வாக்கு. இத்துடன் வரும் பார்சலில் பெட்டி இருக்கிறது, பீரோவில் வைத்துப் பூட்டிவிடுங்கள். திங்கட்கிழமை பெண்ணைக் கோச்சிங்கில் சேர்க்கிறேன். உங்கள் வீட்டம்மாவுக்கு என் வணக்கம், பையன் நிதினுக்கு ஆசீர்வாதம். உங்கள் முழங்கால் விரைவில் மாடிப்படி ஏற அம்மன் அருளட்டும்.

தங்கள் கட்டளைக்குக் காத்திருக்கும்,
செங்கல்வராயன்

பின்குறிப்பு: பார்சல் கட்ட உட்கார்ந்தேன். சிவசங்கரி பெட்டியைத் துடைத்துக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கயிறு அறுக்கக் கத்தரிக்கோலும் எடுத்துக் கொடுத்தாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் முடிச்சுப் போட முடியவில்லை. ஆகவே பார்சலில் இருப்பது நம் தறியில் நெய்த இரண்டு லுங்கி, கட்டிக்கொள்ளுங்கள். பெட்டி இங்கேயேதான் இருக்கும், பெண்ணும் கோச்சிங் போகவில்லை, அடுத்த மாதம் நாராயணவனத்தில் ஒரு கல்யாண ஊர்வலத்துக்குப் போகிறாள். இந்த முடிவை எடுத்தது நான் இல்லை, உங்கள் தங்கை. தைரியம் இருந்தால் அவளிடமே பேசிக்கொள்ளுங்கள்.