கள்ளிமேட்டுப் பாலுக்கு ஆறு கியர்

பால் என்பது கறந்த நேரத்திலிருந்தே கெடத் தொடங்குகிற பொருள் என்பதை எல்லைப் பால் ஒழுங்குப் பிரிவு பதினோரு ஆண்டுகள் பரிசீலித்து, சென்ற மாசி மாதம் கொள்கை அளவில் ஏற்றுக்கொண்டது.

எங்கள் ஊருக்கு இது பெரிய முன்னேற்றம். மீனாட்சிபுரத்துக்கு வடக்கே இருக்கிறது கள்ளிமேடு, கேரளம். பாலைக் குளிர வைக்கிற சில்லிங் சென்டர் மூன்று கிலோமீட்டர் தள்ளி, அதுவும் கேரளம். நடுவில் சாலை மட்டும் ஒரு தென்னந்தோப்பைச் சுற்றிக்கொண்டு நானூறு மீட்டர் தமிழ்நாட்டுக்குள் போய்விட்டுத் திரும்புகிறது. திரும்புகிற இடத்தில் பிரிவின் கேட். எங்கள் மாட்டுப் பால் அந்தக் கேட்டுக்கு வந்து சேரும்போது தமிழ்நாட்டுப் பக்கமிருந்து வருகிறது. ஆகவே அது வெளிமாநிலப் பால். ஒரு பாட்டிலில் சாம்பிள் எடுப்பார்கள். சாம்பிள் பஸ் ஏறிக் கொழிஞ்சாம்பாறை ஆபீசுக்குப் போய், அங்கே அதிகாரியின் ஒப்பு, அதாவது கையெழுத்து, வாங்கிக்கொண்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பி வரும். அதுவரை வண்டி வெயிலில் நிற்கும். ஒன்றே முக்கால் மணி நேரம். பஸ்காரர் டீ குடித்தால் இரண்டு.

காலைப் பால் எப்படியோ தாக்குப் பிடித்துவிடும். சாயங்காலப் பால் சில்லிங் சென்டருக்குப் போய்ச் சேரும்போது பாதி தயிராகியிருக்கும். அவர்கள் திருப்பி அனுப்புவார்கள். பங்குனி முடிவதற்குள் இது சரியாகாவிட்டால் கள்ளிமேட்டில் சாயங்காலப் பால் எடுப்பது நிறுத்தப்படும் என்று நோட்டீஸ் வந்தது. அதைப் பால் சொசைட்டிச் சுவரில் ஒட்டியது நான்தான். சொசைட்டியில் என் வேலை, கூட்ட நடவடிக்கைகளை எழுதுவதும், மற்றவர்கள் பேசும்போது பேசாமல் இருப்பதும்.

நோட்டீசை வாசித்துக் காட்டச் சொன்னது வனிதாக்கா. அவரிடம் இரண்டு மாடு. அதில் ஒன்று காலையில் காலை உதைத்து ஏமாற்றிவிட்டுச் சாயங்காலம்தான் ஒழுங்காகக் கறக்கும்.

"சாயங்காலம் வேண்டாங்கறதை அதுகிட்ட ஆரு சொல்றது அம்மிணி?" என்று கேட்டார்.

மாட்டிடம் சொல்ல முடியாது. ஆகவே மனு எழுதினோம். கேட்டில் தாமதமாகிறது, பால் விரைவாகப் போய்ச்சேர வழி செய்ய வேண்டும் என்பது மனு. நாற்பத்தொரு பேர் கையெழுத்து. பிரிவின் உதவி இயக்குநர் வெங்கிடேஸ்வரன் சார் அதைச் சிரத்தையாகப் படித்தார். பாலக்காட்டுக் கல்பாத்திக்காரர், எதையும் இரண்டு முறை படிப்பவர். முதல் முறை படித்தபோது 'கேட்டில் தாமதம்' என்பதன் மேல் பென்சிலால் சுழித்து, 'இது நம் பிரிவு சம்பந்தப்பட்டது; ஆகவே ஆட்சேபத்துக்கு இடமில்லை' என்று எழுதினார். இரண்டாம் முறை 'விரைவாக' என்பதன் கீழ் சிவப்பு மையால் கோடு போட்டார்.

விரைவு வேண்டுமென்றால் விரைவான வண்டி வேண்டும். ஒரு கமிட்டி போடப்பட்டது. குளிர்பெட்டி வைத்த வேன் ஒன்றைக் கமிட்டி பார்த்தது; அதன் உச்ச வேகம் எண்பதுதான் என்பதால் நிராகரித்தது. நான்கு விநாடியில் நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொடுகிற ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரைத் தேர்ந்தெடுத்தது. அதிலும் ஆட்டோமேட்டிக் வேண்டாம், கியர் போட்டு ஓட்டுகிற மேனுவல்தான் வேண்டும் என்று முடிவானது. அதற்கு இரண்டு காரணங்கள் கோப்பில் உள்ளன. ஒன்று, ஆட்டோமேட்டிக் வண்டியில் ஓட்டுநரின் இடது காலுக்கு வேலை இல்லாமல் போகிறது. தொழிலாளர் நலனுக்கு உகந்ததல்ல. இரண்டாவது காரணம் கோப்பில் வேறு மாதிரி இருந்தாலும், அது சாரின் மகன் சுதீப். பெங்களூரில் இருக்கிறார். நாள் முழுக்க டிராஃபிக்கில் ஆட்டோமேட்டிக் கார் ஓட்டுகிறார். இப்போது மேனுவல்தான் ஃபேஷன், ரசனை உள்ளவர்கள் அதைத்தான் ஓட்டுகிறார்கள் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறார்.

பங்குனி பதினெட்டாம் தேதி மூன்றரை மணிக்கு முதல் சோதனை ஓட்டம். கார் வந்தபோது ஊரே சொசைட்டி முன்னால் நின்றது. அது தரையோடு தரையாகப் படுத்திருந்தது. ஒரு கோழி அதைத் தாண்டிப் போகலாமா, சுற்றிப் போகலாமா என்று யோசித்து, தாண்டியே போனது.

கம்பெனியிலிருந்து ஜோமோன் என்பவர் கூட வந்திருந்தார். மலையாளமும் தமிழும் கலந்து, கோயிலுக்குள் பேசுகிற மாதிரி மெதுவாகப் பேசினார். இந்த வண்டியை யாரும் ஓட்டுவதில்லை, அனுபவிக்கிறார்கள் என்றார். ஓட்டிக் காட்டச் சொன்னபோது, தனக்கு ஆட்டோமேட்டிக்தான் பழக்கம் என்றார். வெங்கிடேஸ்வரன் சாருக்கு ஸ்கூட்டர் லைசென்ஸ்தான். அவர் சுற்றிலும் பார்த்தார். எல்லாரும் பொங்கியண்ணனைப் பார்த்தார்கள். இருபத்தாறு வருஷமாகச் சொசைட்டியின் பால் டெம்போவை ஓட்டுகிறவர்.

பொங்கியண்ணன் வேட்டியை மடித்துக் கட்டி, செருப்பை வெளியே கழற்றி வைத்துவிட்டு, முதலில் தலையை உள்ளே விட்டார். பிறகு ஒரு காலை. பிறகு வெளியே வந்து, முதலில் காலை விட்டார். நாலாவது முயற்சியில் முழுசாகப் போனார். கியரைப் பிடித்து ஆறு இடத்துக்கும் தள்ளிப் பார்த்தார்.

"வெண்ணெயில கத்தி எறங்கற மாதிரி உளுகுதுங்க" என்றார். முகம் மலர்ந்திருந்தது. "நம்ம டெம்போல மூணாவது போட்டா ரெண்டாவதுக்குப் போகும்."

முதல் அபிப்பிராயம் என்கிற படிவத்தில் அதை எழுதிக்கொண்டேன். படிவம் பன்னிரண்டு பக்கம். வண்டி ஓடும்போதே நிரப்ப வேண்டும். வண்டியில் எனக்கு இடமில்லை. முன்னால் சார். பின்னால் உட்காருவதற்கென்று இல்லாமல் பெயருக்கு வைத்திருந்த சீட்டில் இரண்டு பால் கேன்கள்; அவற்றுக்குப் பெல்ட் போடப்பட்டது. கேன்களுக்கு நடுவே, பால் உற்பத்தியாளர் பிரதிநிதியாக வனிதாக்கா, மடியில் தன் சொந்தப் பத்து லிட்டர் கேனோடு. ஆகவே நான் என் ஸ்கூட்டியில் பின்தொடர்ந்தேன். எனக்குப் பின்னால் ஜோமோன். அவர் என் காதருகே வண்டியின் குதிரைத்திறனைச் சொல்லிக்கொண்டே வந்தார்.

கார் உறுமியது. சொசைட்டிக்குப் பக்கத்து வீட்டு மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு போயிற்று. இருபது மீட்டரில் முதல் வேகத்தடை வந்தது.

பால் வண்டிகள் கேட்டுக்கு வேகமாக வந்துவிடக் கூடாதென்று எங்கள் சாலையில் பிரிவே ஏழு வேகத்தடைகள் போட்டிருக்கிறது. முதல் தடையில் காரின் வயிறு இடித்து, தேங்காய் துருவுகிற சத்தம் கேட்டது. என் பின்னாலிருந்து ஜோமோனும் அதே மாதிரி ஒரு சத்தம் போட்டார். பாரத்தைக் குறைத்தால் ஏறிவிடும் என்றார் பிறகு. சார் இறங்கினார். வனிதாக்கா கேனோடு இறங்கினார். நானும் ஜோமோனும் பெரிய கேன்களை இறக்கித் தடையைத் தாண்டிக் கொண்டுபோய் வைத்தோம். கார் தாண்டியது. திரும்ப எல்லாரும் ஏறினார்கள். கேன்களுக்குப் பெல்ட் போட்டோம்.

இரண்டாம் தடையிலும் அப்படியே. மூன்றாம் தடையில் இறங்கிய வனிதாக்கா திரும்ப ஏறவில்லை. சேலைத் தலைப்பைச் சுருட்டித் தலையில் வைத்து, அதன் மேல் கேனை வைத்துக்கொண்டார்.

"நீங்க மெதுவா வாங்க, நான் முன்னால போறனுங்க" என்றார் சாரிடம்.

சார் அதை ஆட்சேபிக்கவில்லை. அப்போது அவர் காரைத் தள்ளிக்கொண்டிருந்தார். அவ்வளவு உழைப்புக்கு நடுவிலும் பொங்கியண்ணனிடம் வண்டி எப்படி என்று விசாரித்தார்.

"நல்ல வண்டீங்க சார். ஆறு கியர் குடுத்திருக்காங்க. ரெண்டாவது போடறதுக்குத்தான் ரோடு பத்தலை."

"அது வண்டியோட குத்தம் இல்லை கேட்டேளா. ரோடு இன்னும் அந்த நிலைக்கு உயரலை" என்றார் சார். படிவத்தில் 'சாலையின் குறைபாடுகள்' என்ற தலைப்பின் கீழ் எழுதிக்கொண்டேன்.

கேட்டுக்கு நாங்கள் போய்ச் சேர ஐம்பது நிமிஷம் ஆயிற்று. அங்கே ஷீனா இருந்தார். கேட் எழுத்தர், கண்ணைப் பதிவேட்டிலிருந்து எடுக்காமல் பேசுகிறவர். சாம்பிள் எடுத்தாயிற்று, அடுத்த பஸ் நாலு ஐம்பதுக்கு என்றார். வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னார். உதவி இயக்குநரே வண்டியில் இருப்பதைச் சொன்னோம். அப்படியென்றால் ஆபீசில் ஒப்புப் போட ஆள் இல்லை, இன்னும் தாமதமாகும் என்றார் ஷீனா.

பொங்கியண்ணனுக்கு ஒரு யோசனை வந்தது. "ஏனுங்க சார், நீங்க இங்கியே இருக்கறீங்க. இப்படியே ஒரு ஒப்புப் போட்டா?"

வெங்கிடேஸ்வரன் சார் அவரை வருத்தத்தோடு பார்த்தார். "அது ஆபீஸ் ஒப்பாக்கும் பொங்கியண்ணா. ஆபீஸ்ல வச்சுத்தான் போடணும்."

"செரிங்க. அப்ப உங்களையும் சாம்பிளையும் இந்தக் கார்ல கொண்டுபோய் ஆபீஸ்ல உட்டா? நாலு செகண்டுல நூறு போகும்னாங்களே."

"சாம்பிள் பொதுப் போக்குவரத்துல போகணும்னு சட்டம்" என்றார் சார். தான் மட்டும் பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தார். சாம்பிள் பாட்டிலும் அதே பஸ்ஸில், கண்டக்டர் பையில் போயிற்று.

கார் இரண்டு மணி நேரம் நின்றது. அது நின்றபோதுதான் அதன் அழகு முழுமையாகத் தெரிந்தது. பஸ் பயணிகள் இறங்கி வந்து அதோடு செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். கறுப்புக் கண்ணாடியும் தோல் சீட்டும் சேர்ந்து உள்ளே இருந்த பாலை நன்றாகவே சூடாக வைத்திருந்தன. ஆறரைக்கு மூடியைத் திறந்தபோது அதைப் பால் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

அப்போது சில்லிங் சென்டர் பக்கமிருந்து வனிதாக்கா காலிக் கேனை ஆட்டிக்கொண்டு திரும்பி வந்தார். அவருடைய பால் நாலரைக்கே போய்ச் சேர்ந்து, எடுத்துக்கொள்ளப்பட்டிருந்தது. ஷீனா முதல் முறையாகப் பதிவேட்டிலிருந்து கண்ணை எடுத்தார். கேட்டில் நிறுத்த வேண்டிய வண்டிகள் என்று பதிவேட்டில் லாரி, டெம்போ, ஆட்டோ, இருசக்கர வாகனம் எல்லாம் இருக்கின்றன. பத்து லிட்டர் வரை தலைச்சுமைக்குச் சாம்பிள் கிடையாது, அது வீட்டு உபயோகம் என்றார். பதினோரு ஆண்டுகளாக யாரும் தலையில் வைத்துக்கொண்டு வராததால் யாருக்கும் அது தெரியாது.

இப்போது என் படிவத்தில் ஒரே ஒரு கட்டம் பாக்கி: 'சோதனை ஓட்டத்தின்போது புறப்பட்ட பால் சென்றடைய ஆன நேரம்'. இரவு ஃபோனில் சார் கேட்டார். வனிதாக்காவின் பால் காரில்தானே புறப்பட்டது? ஆமாம். கெடாமல் சேர்ந்ததா? சேர்ந்தது.

"அப்பொ அதை எழுதுங்கோ. நடுவுல நடந்ததுக்குக் கட்டம் இல்லையே."

உண்மையிலேயே கட்டம் இல்லை. கார் தோற்றதாக எழுதினால் சாயங்காலப் பால் நின்றுவிடும் என்று சொசைட்டியில் எல்லாரும் சொன்னார்கள். வனிதாக்கா தன் மாட்டைப் பற்றி யோசித்திருப்பார். 'ஒரு மணி நேரம். சுவை, மணம் நன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

சாயங்காலப் பால் தப்பியது. அடுத்த ஆறு வாரம் எங்கள் ஊரில் பொற்காலம். மூன்றரை மணிக்குச் சிவப்புக் கார் காலியாகப் புறப்படும். அதற்கு முன்னால் நாற்பது பேர் தலையில் கேனோடு போவார்கள். பொங்கியண்ணன் அவர்களை இடிக்காமல் முதல் கியரிலேயே பின்தொடர்ந்து, ஹாரன் அடித்து உற்சாகப்படுத்துவார். ஒரு துளி பால் கெடவில்லை. ஒரு நாள் பிரிவிலிருந்து போட்டோகிராஃபர் வந்தார். கேன்களைக் கீழே வைக்கச் சொல்லி, எல்லாரையும் காரைச் சுற்றி நிற்க வைத்து, சிரிக்கச் சொன்னார். 'பயனடைந்த மக்கள்' என்று எழுதிய பேனரை வனிதாக்காவும் நானும் ஆளுக்கொரு முனையில் பிடித்தோம்.

சித்திரைக் கடைசியில் உத்தரவு வந்தது. காரின் மகத்தான வெற்றியால் இனித் தலைச்சுமை தேவையில்லை. ஆகவே அந்த விலக்கு ரத்து. டெம்போ பழையது, ஏலம் விடப்படும். எல்லாப் பாலும் காரிலேயே போகட்டும். தவிர, காலைப் பாலுக்கும் இதே மாதிரி இன்னொரு கார் ஒதுக்கப்பட்டிருக்கிறது.

இப்போது இரண்டு வேளைப் பாலும் கெடுகிறது. நாங்கள் மறுபடி மனு எழுதினோம். நாற்பத்தொரு கையெழுத்து. பத்தே நாளில் பதில் வந்தது; அவ்வளவு விரைவாக எங்களுக்கு எதுவும் வந்ததில்லை. தாங்கள் முழு மகிழ்ச்சியுடன் இருப்பது இத்துடன் இணைத்துள்ள புகைப்படத்தால் நிரூபணமாவதால் மனு தள்ளுபடி செய்யப்படுகிறது என்று ஒரே வரி. கூடவே அந்தப் போட்டோ, பெரிதாக, கலரில்.

சொசைட்டியில் அதைக் கைக்குக் கை மாற்றிப் பார்த்தோம். கடைசியில் வனிதாக்கா விரலால் தன் முகத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"நல்லாத்தான் உளுந்திருக்குது. எனக்கொரு காப்பி எடுத்துக் குடு அம்மிணி."

பிறகு பொங்கியண்ணன் கேட்டார். பிறகு ஒவ்வொருவராக நாற்பத்தொரு பேரும் கேட்டார்கள். பிரிண்ட் எடுத்து முடிக்க ராத்திரியாகிவிட்டது. அதில் நான் பேனரின் ஓரத்தில் இருக்கிறேன். பாதி முகம்தான் தெரிகிறது, ஆனால் வண்டியின் சிவப்பு என் மேல் பட்டு, நிறத்தை நன்றாக எடுத்துக் காட்டியிருக்கிறது. வாட்ஸ்அப்பில் முகப்புப் படமாக அதைத்தான் வைத்திருக்கிறேன்.